இடது பக்கம் இழுத்த கார்

சவவண்டி வந்து நிற்க வேண்டிய இடத்தில் மார்வினின் கார் நின்றது. யாரோ சாவியைக் கொண்டுவந்து ஆர்னால்டின் கையில் திணித்தார்கள். அவன் எழுந்து போய் இருக்கையில் அமர்ந்து, பழக்கத்தில் பெல்ட்டையும் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். சிங்கப்பூர் பிடோக்கின் அந்த அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் துக்கத்துக்குப் போட்ட நாற்காலிகள் நிறைந்திருந்தன. இன்னும் ஒரு மணி நேரத்தில் தம்பி மார்வினை முதலில் சர்ச்சுக்கும் பிறகு மண்டாய் தகனச்சாலைக்கும் கொண்டுபோக வேண்டும்.

ஐம்பது மீட்டர்தான். எதிர் புளோக்கின் காலி இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தான். இறங்க மனம் வரவில்லை.

வெள்ளை நிற, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். பழையதுதான். மார்வின் முப்பத்தெட்டு வயதில் ஆசைப்பட்டு வாங்கியது. போன நவம்பரில் அதற்குப் பதினெட்டு அங்குல ரிம்மும் அகல டயரும் போட்டான். அடுத்த வாரமே அண்ணனிடம் வந்து நின்றான். இருபது வருடமாகக் காக்கி புக்கிட் கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் அண்ணன் இருக்கும்போது வேறு யாரிடம் போவான்?

"தொண்ணூறுல போனா ஸ்டியரிங் ஆடுது அண்ணே. அப்புறம் இடது பக்கமா இழுக்குது."

ஆட்டத்துக்குக் காரணம் உடனே தெரிந்தது. புது ரிம்மின் நடுத்துளை பெரிது, சக்கரம் மையத்தில் உட்காரவில்லை. இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட்டதும் ஆட்டம் நின்றது. இழுப்பு மட்டும் நிற்கவில்லை. காற்றைச் சரிபார்த்தான். அலைன்மெண்ட்டை இரண்டு முறை பார்த்தான். முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டான். டயரில் கோளாறு என்றால் இப்போது வலது பக்கம் இழுக்க வேண்டும். "இல்லண்ணே, இடதுதான்" என்றான் மார்வின். அதற்குள் இடப்பக்க ரிம் இரண்டும் நடைபாதை விளிம்பில் உரசி வெள்ளை வெள்ளையாகக் கீறல்பட்டிருந்தன. வலப்பக்க ரிம்கள் கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தன.

நவம்பர் கடைசி ஞாயிறு, பூசை முடிந்ததும் ஆர்னால்டே காரை ஓட்டிப் பார்த்தான். சாங்கிப் பக்கம் நேர் சாலை, வண்டிகளே இல்லை. கையை எடுத்துவிட்டு ஐந்து எண்ணினான். கார் நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது.

"காருக்கு ஒண்ணும் இல்லடா."

"அப்ப எனக்கா?"

"உனக்குத்தான் லா. ஓட்டத் தெரியல."

இருவரும் சிரித்தார்கள். திரும்பி வந்து முன் சக்கரங்களைப் பழையபடி மாற்றி மாட்டும்போது மார்வின் இடது கையால் ஒரு நட்டை எடுத்தான். அது நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தான், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை ஆர்னால்டே குனிந்து எடுத்துப் பூட்டினான். அந்த விரல்களைப் பார்த்தான். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. பசித்தது, சாப்பிடப் போய்விட்டார்கள்.

ஜனவரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கம் கட்டி. இடது பக்கத்தில் இருப்பதெல்லாம் அவர் கவனத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பிப் போயிருக்கும், அவருக்கே அது தெரிந்திருக்காது என்றார் டாக்டர். முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார். "கிறிஸ்மஸ் முடிஞ்சு, சட்டை பட்டன் போட முடியல" என்றாள் மார்வினின் மனைவி லொரைன். ஆர்னால்ட் பக்கத்திலேயேதான் நின்றான். வாயைத் திறக்கவில்லை. பதினோரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

கார்க் கதவு திறந்தது. லொரைன் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தாள். கறுப்புச் சேலை, காலில் வீட்டுச் செருப்பு.

"அவர் மூக்குக்கண்ணாடி இதுலதான் கிடக்கும். போட்டுவிடணுமாம்."

முன்னாலிருந்த பெட்டியைத் திறந்து துழாவினாள். கண்ணாடி கிடைத்தது. முந்தானையால் அதைத் துடைக்க ஆரம்பித்தவள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"லொரைன்."

"சொல்லுங்கண்ணா."

"கிறிஸ்மஸ்க்கு அப்புறம் இல்லம்மா. நவம்பர்லயே தெரிஞ்சுது. கார் நேராத்தான் போச்சு. அவன் கை... நட்டைக்கூடப் பிடிக்க முடியல. நான் பாத்தேன்."

அவள் கை நின்றது. எதிரே சவவண்டி பின்னோக்கி மெதுவாக வந்து நின்றது. அதன் பீப் ஒலி அடங்கியது.

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"நான் தனியாப் போய் டாக்டர்கிட்ட கேட்டேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு. காப்பாத்த முடியாதாம். ரெண்டு மாசம், மூணு மாசம் கூட இருந்திருக்கலாமாம்." சற்று நிறுத்தினாள். "மே மாசம் ஜோவன்னாவுக்குப் புதுநன்மை. கவுன் தைக்கக் குடுத்தாச்சு."

ஆர்னால்ட் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் ஜோவன்னா, தம்பி மகள். ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் அவன்.

"அந்தக் கீறலுக்கு அவரை நான் எப்படித் திட்டினேன் தெரியுமாண்ணா?" அவள் குரல் உயரவே இல்லை. "புது ரிம்மு, அதுக்குள்ள இப்படியா, கண்ணு தெரியலையான்னு கேட்டேன். பக்கத்து வீட்டு ஹஸீனா அக்கா கதவைத் திறந்து பாக்குற அளவுக்குக் கத்தினேன். அவர் கீழ போய், குந்தி உக்காந்து, பாலிஷ் போட்டுத் தேய்ச்சாரு. ரொம்ப நேரம். அதுவும் வலது பக்க ரிம்மை. அதுல கீறலே இல்ல. நான் மேல இருந்து பாத்து, இன்னும் கோவப்பட்டேன்."

துடைத்த மூக்குக்கண்ணாடியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

மார்வினின் நண்பன் பிரபாகர் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினான். "அண்ணே, ஃபாதர் வந்துட்டாரு. பெட்டி மூடப் போறாங்க."

லொரைன் தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியை இறக்கி முகத்தைப் பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடியை மேலே தள்ளினாள். ஆர்னால்ட் கதவைத் திறந்து எழப் பார்த்தான். முடியவில்லை. பெல்ட் தோளை இறுக்கிப் பிடித்தது. மறுபடி எழப் பார்த்தான். என்ன தடுக்கிறது என்றே அவனுக்குப் பிடிபடவில்லை.

லொரைன் அவன் பக்கமாகச் சாய்ந்து பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.