புதுத் தண்ணீரின் முதல் வாரம்

காலனி நீச்சல் குளத்துக்கு வந்த புதுத் தண்ணீருக்குக் குழந்தைகளைத் தாங்கத் தெரியவில்லை. பழைய தண்ணீர் ஏப்ரலோடு ஓய்வு பெற்றுவிட்டது. இது ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து லாரியில் வந்தது. மழையாக இறங்கியதிலிருந்து இத்தனை காலமும் பாறைக்கடியில் தனியாகவே இருந்ததால் கூச்சம் அதிகம். யாராவது காலை வைத்தால் விலகிப் போய், ஆழமான மூலையில் சுவரோடு ஒட்டி நின்றுகொள்ளும். வைத்த கால் உலர்ந்த டைல்ஸில் நிற்கும்.

பயிற்சியாளர் எஸ்தருக்கு இது மூன்றாவது தண்ணீர். இந்த அளவுக்குப் பயந்த ஒன்றை அவள் பார்த்ததில்லை. காலனிச் செயலாளர் வரதராஜுலு வந்து எட்டிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கத்துக்கலைன்னா தோட்டத்துக்குத் திறந்து விட்டுடலாம்மா. பசங்களுக்கு லீவு முடியப் போகுது."

"சார், அது காதுல விழுற மாதிரி சொல்லாதீங்க."

அதட்டினால் எந்தத் தண்ணீரும் கற்றுக்கொள்ளாது. விளையாட்டாகத்தான் தொடங்க வேண்டும். திங்கட்கிழமை எஸ்தர் ஒரு பிங்பாங் பந்தைப் போட்டாள். தண்ணீர் நெடுநேரம் முகர்ந்து பார்த்துவிட்டு அதை மெல்லத் தூக்கிக்கொண்டது. மறுநாள் ரப்பர் செருப்பு. புதன்கிழமை தேங்காய். அதை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது எஸ்தர் கை தட்டினாள். தண்ணீரின் மேல் வெட்கம் போலச் சின்னச் சின்னச் சுருக்கங்கள் ஓடின.

வியாழக்கிழமை ஷிஃபானாவை அழைத்தாள். ஆறு வயது. வகுப்பிலேயே அதிகம் பயப்படுகிறவள். மற்றவர்கள் தொபுக்கென்று குதித்துத் தண்ணீரை மிரட்டிவிடுவார்கள்.

"மிஸ், அது என்னைக் கீழ விட்டுடுமா?"

"அதுக்கும் அந்தப் பயம்தான்மா. உன்னைக் கீழ விட்டுடுவோமோன்னு."

ஷிஃபானா கொஞ்சம் யோசித்தாள். படியில் உட்கார்ந்து குனிந்து, வாயை வைத்துக் குமிழி விட்டாள். தண்ணீர் பதிலுக்கு அவள் முழங்காலில் குமிழி விட்டது. அவள் சிரித்தாள்.

பிறகு சிலை விளையாட்டு. எஸ்தர் "சிலை!" என்றதும் ஷிஃபானா மல்லாந்து படுக்க வேண்டும், அவளும் தண்ணீரும் அசையக் கூடாது. தண்ணீர் நான்கு எண்ணும்வரை தாங்கியது. ஐந்தில் அதன் நெஞ்சு படபடத்து, மூலைக்கு ஓடிவிட்டது. ஷிஃபானாவின் முழங்கை டைல்ஸில் மோதிச் சிராய்த்தது.

எஸ்தர் கூப்பிட்டுப் பார்த்தாள். தண்ணீர் வரவில்லை. நாளை வெள்ளிக்கிழமை.

ஷிஃபானா எழுந்து, வெறும் தரையில் நடந்து அந்த மூலைக்குப் போனாள். முழங்கையைக் காட்டினாள்.

"பாரு, ரத்தமே வரல. நாளைக்கும் நீதான் என் ஜோடி."

தண்ணீர் நெடுநேரம் கழித்து அவள் கால்விரல்களைத் தொட்டது.

வெள்ளிக்கிழமை வரதராஜுலு தோட்டத்துக்குத் திறக்கும் வால்வின் மேல் கை வைத்தபடி நின்றார். எஸ்தர் "சிலை!" என்றாள். ஷிஃபானா கைகளை விரித்துப் படுத்தாள். அவள் முதுகுக்குக் கீழே வைத்திருந்த கையை எஸ்தர் மெல்ல எடுத்தாள். இருபது எண்ணினாள். முப்பது எண்ணினாள். குளத்தில் ஓர் அசைவும் இல்லை. வரதராஜுலுவும் எண்ணிக்கொண்டிருந்தார், நாற்பதில் வால்வை விட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

எஸ்தர் வெளியே வந்தபோது, ஷிஃபானாவின் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு மேகமும் காத்திருந்தது.

"எங்க பிள்ளை எப்படிப் படிக்குது மிஸ்?" என்று கேட்டது.

"தங்கமான பிள்ளைங்க" என்று சொல்லி, எஸ்தர் அது உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.