ஆடி மாதத்து ஏரிக் கரண்டு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சுங்குவார்சத்திரம் டீக்கடையில் ஒருவர், "ஏரித் தண்ணில கரண்டு எடுக்குறேன்னு ஒருத்தன் கெளம்புனாம்பா" என்று சொல்லி முடிப்பதற்குள் என் பஸ் வந்துவிட்டது. மீதியை நானே கட்டுகிறேன்.

(முதல் தொடக்கம்: 'நீர் என்பது மனிதகுலத்தின்...' அடித்துவிட்டேன். மனிதகுலத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

2.

2005 கார்த்திகை. அந்த ஒருத்தன் பெயர் உச்சிமாகாளி; சொந்த ஊர் திருநெல்வேலிப் பாபநாசம் பக்கம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை, பாஞ்சாலியக்கா வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பு. ஏரி நிரம்பி, உபரிநீர்க் கலங்கல் வழியே சோவென்று தண்ணீர் வழிவதைப் பார்த்ததும் அவனுக்குக் கை துறுதுறுத்தது. வேகம் பார்த்தான், படம் வரைந்தான், பழைய இரும்பில் சக்கரம் செய்து டைனமோ பூட்டினான். ஏரிக்கரை அம்மன் கோயிலுக்குக் கரண்டு கம்பி கிடையாது; திருவிழா ஏற்பாடு பாஞ்சாலி பொறுப்பு.

"ஆடித் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் சொல்லாதீயக்கா. நான் லைட்டு போடுதேன்."

பங்குனியில் ஏரி வற்றியபோதும் அவன் அசரவில்லை. ஆடி வந்தால் தண்ணீர் வரும் என்பது அவன் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

(இவனை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம். சக்கரத்தை நம்பலாம்.)

3.

ஆடி வந்தது. ஏரிக்குள் ஆடு மேய்ந்தது.

"இன்னாபா, ஆடில தண்ணி எங்க கீது?" என்றாள் பாஞ்சாலி.

"எங்கூர்ல ஆடியிலதாங்க்கா ஆத்துல வெள்ளம் வரும்."

"இங்க ஐப்பசில பேஞ்சாத்தான்."

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா?"

"நீ கம்பெனிக்காரன், அதுக்கும் எதனா வழி வச்சினு இருப்பேன்னு நெனச்சேன்."

இன்றைக்குச் சுற்றுவட்டாரமெங்கும் திருவிழா, வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் மிச்சமில்லை. பொழுது சாய்ந்தால், இவனை நம்பிய பாவத்துக்கு அம்மன் இருட்டில் நிற்பாள். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கிறது.

4.

முடிவு அ: திடீரென்று வானம் கறுத்து— வேண்டாம். இந்தப் பக்கத்து வாலாஜாபாத் வாசகர்கள் சிரிப்பார்கள்.

முடிவு ஆ: அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி பஸ்— மனம் வரவில்லை.

முடிவு இ, பாஞ்சாலி சொன்னது: "உங்க கம்பெனி ஹாஸ்டலுக்கு வர்ற தண்ணி லாரிய இட்டுனு வா."

லாரி கரைமேல் ஏறி நின்றது. டிரைவர் நடேசன் குழாயைச் சக்கரத்துக்கு நேரே திருப்பித் திறந்தார். சக்கரம் முனகியது, பிறகு சுற்றியது. அம்மன் தலைக்கு மேல் பல்பு எரிந்தது. டீசல் குடித்து வந்த தண்ணீரில் நீர்மின்சாரம். ஊரே சிரித்தது, உச்சிமாகாளியும்தான்.

"பூசாரி, சீக்கிரம். லாரி காலியாயிடும்" என்றாள் பாஞ்சாலி.

பூசாரி இன்னும் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார். லாரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நடேசனிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் எழுத வேண்டியிருக்கும். தீபாராதனை முடியும்வரை பல்பு எரியுமா என்பது உங்கள் கையில்.

கொஞ்சம் தாராளமாக ஊற்றுங்கள்.