கதவில்லாத வங்கியும் சாவியக்காவும்

1

இந்தக் கதை என் வீட்டு வாசலில் கிடைத்தது. சாவி உள்ளே, நான் வெளியே, அடுப்பில் பால். (பால் பொய். கொஞ்சம் அவசரம் இருக்கட்டும் என்று சேர்த்தேன்.) பூட்டுத் திறக்க ஒரு பெண் வந்தார். தெரு முழுக்க அவரைச் சாவியக்கா என்றுதான் கூப்பிடும். நான் என் மறதிக்குச் சாக்குச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கம்பிகளை உள்ளே விட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

"இது பூட்டு இல்ல சார். கதவுக்குப் போட்ட நகை."

கூலியை வாங்கியவர் உடனே கிளம்பவில்லை. என் புத்தக அலமாரியை ஒரு நோட்டம் விட்டுவிட்டுக் கேட்டார்: "இவ்வளவு படிக்கிறீங்களே, ஒண்ணு சொல்லுங்க. கதவே இல்லாத பேங்க்ல காசு போடலாமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாத விஷயத்தைக் கதையாக எழுதிவிடுவது என் பழக்கம்.

2

முதல் தொடக்கம்: "ஆயிரம் பூட்டுகளைத் திறந்தவள், தன் மனக்கதவை மட்டும்—"

வேண்டாம். மனக்கதவு என்று எழுதிய கையை அலம்பிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது: "அன்றாடம் போட்டு எடுக்கவும் செய்யலாம், மாதாமாதம் வட்டியும் பெறலாம் என்ற ஆன்லைன் கணக்கு—"

இது விளம்பரம். ஆனால் விஷயம் இதுதான். ஒரு வாடிக்கையாளர் இதைச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து சாவியக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவர் தொழில் செய்வது ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில். நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதே கட்டடத்தின் முனையில், ஷட்டர் போட்ட ஒரு கடை காலியாகப் போகிறது. அந்தக் கடை அவருக்கு வேண்டும். அட்வான்ஸ் சேரப்போகும் ஒவ்வொரு தடவையும் எங்கிருந்தோ அவருடைய அண்ணன் வந்து நிற்பார். கூரை ஒழுகுகிறது, வண்டி நின்றுவிட்டது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். கணக்கில் கொஞ்சம் மிச்சம் வைத்து, மீதியை அப்படியே கேட்பார். சர்க்கரை டப்பாவை எறும்பு கண்டுபிடிக்கிற மாதிரி எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்.

பணம் இருந்த வங்கி இரண்டு தெரு தள்ளி. இரும்புக் கதவு, வாசலில் துப்பாக்கிக் காவலாளி, நலம் விசாரிக்கிற காசாளர். தொழிலுக்கான நடப்புக் கணக்கு என்பதால் வட்டி மட்டும் கிடையாது. புதிய ஆன்லைன் வங்கியில் வட்டி உண்டு, கதவு கிடையாது. எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்தவருக்கு எந்தப் பூட்டின் மேலும் முழு நம்பிக்கை வராது. பூட்டே கண்ணில் படாவிட்டால் தூக்கம் எப்படி வரும்?

3

ஒரு சந்தேகம்: அண்ணன் பாத்திரம் சரியாக வரவில்லை. முறுக்கிய மீசையும் வெற்றுச் சவடாலுமாக எழுதியிருந்தேன். சாவியக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"எங்கண்ணன் மீசையே வெக்க மாட்டாரு சார். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு வீடே கத்துனப்ப, தன் சைக்கிளை வித்து எனக்கு அரம் வாங்கிக் குடுத்தது அவருதான்."

"அப்புறம் என்ன குறை?"

"கேட்டா குடுக்கப் போறேன். ஆனா எங்கிட்ட எவ்வளவு இருக்குன்னு என்னை ஒரு வார்த்தை கேக்காமலே அவருக்கு எப்படித் தெரியுது? அதான் வயிறு எரியுது."

மீசையை எடுத்துவிட்டேன். வில்லன் இல்லாமல் கதையை நகர்த்துவது கஷ்டம்தான். பார்ப்போம்.

4

பூட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம் ஒன்றை அடுத்து அவர் செய்தார். புதிய வங்கியில் சின்னத் தொகை போட்டுக் கணக்குத் தொடங்கினார். பிறகு தன் கணக்கைத் தானே உடைக்கப் பார்த்தார். பூட்டு நல்லதா என்று தெரிய வேறு வழி அவருக்குத் தெரியாது.

கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, அண்ணியின் குரலை வரவழைத்து அந்த வங்கிக்குப் போன் போட்டார்.

"நான் அவளோட அண்ணிம்மா. அவ ஆஸ்பத்திரியில கெடக்கா. கணக்குல எவ்வளவு இருக்குன்னு மட்டும் சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"மன்னிக்கணும். கணக்கு வச்சிருக்கிறவங்ககிட்ட மட்டும்தான் பேச முடியும்."

அழுதார். அதட்டினார். மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னார். போனை எடுத்த பெண் மசியவில்லை. போனை வைத்துவிட்டு, மனதில் வந்த கடவுச்சொற்களையெல்லாம் போட்டுப் பார்த்தார். மூன்றாவது தப்புக்குத் திரையில் எழுத்து வந்தது: உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.

(இந்த இடத்தில் "அவள் கண்களில் நீர் திரண்டது, தன் பணத்துக்கே அந்நியமாகி—" என்று எழுதியிருந்தேன்.)

"யாரு அழுதது?" என்று சண்டைக்கு வந்தார் சாவியக்கா. "எழுந்து நின்னு கை தட்டினேன் சார்! என்னையே வெளிய நிறுத்திடுச்சே!"

முகத்தைக் காட்டி, கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, கணக்கைத் திரும்பத் திறக்க அரை நாள் ஆனது. அந்த அரை நாளை, மருமகனைப் பற்றிப் பெருமை பேசுவதுபோல் சொல்லிச் சிரித்தார்.

5

கை சும்மா இருக்குமா? அதே கைக்குட்டை, அதே ஆஸ்பத்திரி, இந்தத் தடவை பழைய வங்கி.

"அய்யய்யோ, என்னம்மா ஆச்சு?" என்று பதறிய காசாளர், பைசா சுத்தமாகத் தொகையைச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். "ஏம்மா, போன வாரம்கூட உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே. அதுக்கப்புறம் தங்கச்சி எதுவும் போடலையே?"

கைக்குட்டை கீழே விழுந்தது.*

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. இத்தனை வருஷமும் அந்த இரும்புக் கதவை நம்பி, பயமில்லாமல் தூங்கியிருக்கிறார். அவருக்குக் கோபம் வந்தது, அதற்குப் பின்னாலேயே சிரிப்பும் வந்தது. மறுநாளே போய்க் கணக்கை முடித்தார்.

"நம்ம பேங்க்கை விட்டுட்டா போறே?" என்று காசாளர் வருத்தப்பட்டார்.

"கதவெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். வாய்க்குத்தான் பூட்டு இல்ல."

* காசாளர் கெட்டவர் இல்லை. அண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவர். குடும்பத்துக்குள் என்ன ஒளிவுமறைவு என்று நினைத்திருக்கிறார். வில்லனாக்கலாம் என்றால் இவரும் ஒத்துழைக்கவில்லை.

6

முதல் வட்டி வந்த அன்று மாடி ஏறி இறங்கிய யாரும் தப்பவில்லை. ஒரு டீக்கும் பன்னுக்கும் காணும், அவ்வளவுதான். "நான் தூங்கிட்டிருந்தேன், அது சம்பாதிச்சிருக்கு!" என்று போனைக் காட்டிக் காட்டி மகிழ்ந்தார். யாரும் வந்து துடைத்துக்கொண்டு போகாமல் மாதங்கள் ஓடின. முனைக்கடை அவருடையதாயிற்று. ஷட்டரைத் தூக்கிவிட்டு, உள்ளே போய், தலை இடிக்காமல் நேராக நின்றார். கதையில் நான் ஜோடிக்காத வரி இது.

மாற்றுச் சாவி வெட்டிக்கொள்ள நான் போயிருந்த அன்று அண்ணன் வந்தார். மீசை இல்லை. கடையைச் சுற்றிப் பார்த்தார், ஷட்டரைத் தடவினார். என்ன கேட்பது, எவ்வளவு கேட்பது என்று முதன்முறையாகத் தெரியாமல் நின்றார்.

"ஏம்மா, உங்கிட்ட எவ்வளவு இருக்கும்?"

சாவியக்கா அவரையே பார்த்தார். இந்த ஒரு கேள்விக்காக எத்தனை வருஷம் காத்திருந்தார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. அண்ணனின் தோளை இழுத்துக் காதில் ஏதோ சொன்னார். அதே நேரத்தில் இன்னொரு கையால் சாவி வெட்டும் இயந்திரத்தைத் தட்டிவிட்டார். என் சாவி கிறீச்சிட்டது. ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் வாய்விட்டுச் சிரித்தது மட்டும் தெரிந்தது.

அவர் போனதும் கேட்டேன். "என்ன சொன்னீங்க? எவ்வளவு குடுத்தீங்க? தெரியாம கதையை எப்படி முடிக்கிறது?"

கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும். கணக்கு வச்சிருக்கிறவங்ககிட்ட மட்டும்தான் பேச முடியும்."

7

முடிவு ஒன்று: கேட்டதைக் கொடுத்துவிட்டார். (அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: சல்லிக்காசு கொடுக்கவில்லை. (அடித்துவிட்டேன்.)

முடிவு மூன்று: "இன்னிலேர்ந்து கடையில வந்து உக்காருங்கண்ணே—" (அடித்துவிட்டேன்.)

மூன்று தடவை தப்பாகப் போட்டாகிவிட்டது. கதை முடங்கிவிட்டது, என்னையே வெளியே நிறுத்திவிட்டது. எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருக்கிறேன். வாருங்கள், நீங்கள் முயன்று பாருங்கள்.