நாய்க்குட்டிக்கு டாக்டர் பார்த்த நாள்

அறுப்புக்கூடத்தில் அவனைக் 'கத்தி' என்றுதான் கூப்பிடுவார்கள். மாட்டின் தாடையைத் தூக்கிப் பிடித்தானென்றால் ஒரே இழுப்புதான், மறு இழுப்புக்கு வேலை வைத்ததில்லை. அப்படிப்பட்டவன் வீட்டுக்கு அவன் பெண்டாட்டி ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"நாள் பூரா உயிரெடுக்கிறவன் வீட்ல உயிர் வளக்கப் போறியா? நல்ல கூத்துடி."

"எடுக்கிற கை ஒண்ணையாவது காப்பாத்தட்டும். இதுக்கு டாக்டர் பாக்கறது உன் பொறுப்பு. ஏதாவது ஆச்சுன்னா உன்கூட பேச மாட்டேன், சொல்லிட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை மழைக்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டவன் அவன்.

மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட நாய் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதைச் சொன்னவள் கொழுந்தியாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொன்று இருப்பதாகக் கூடத்தில் தோலுரிக்கிறவன் சொல்லியிருந்தான். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றான் கத்தி. டாக்டரின் படிப்பு அவனுக்கு எதற்கு? மிருகத்தை எப்படிப் பிடிக்கிறான் என்று பார்த்தால் போதும். பிடி சரியில்லாதவன் கையில் எந்த உயிரும் நிம்மதியாக இருக்காது, சாகும்போதுகூட. அது அவன் கணக்கு.

வேலை முடிந்த கையோடு பெண்டாட்டியையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கதவு ஆஸ்பத்திரிக்கு வந்தான். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தான், சட்டையும் மாற்றியிருந்தான். ரப்பர் பூட்ஸை மட்டும் கழற்றவில்லை. வருஷக்கணக்காகக் காலோடு ஒட்டிக் கிடந்ததை அவன் தனியாக ஒரு பொருளாகவே நினைப்பதில்லை.

உள்ளறைக் கதவின் கண்ணாடி வழியே டாக்டர் தெரிந்தார். ஒல்லி ஆள். பூனைக்கு நகம் வெட்டப் பார்த்தார். பூனை சோப்புக்கட்டி மாதிரி நழுவி நழுவிப் போனது.

"பூனையைப் புடிக்கத் தெரியல. வா, பாலத்துக்கு அந்தாண்ட போவோம்."

"உக்காரவே இல்ல, அதுக்குள்ள தீர்ப்பா? கோர்ட்டுகூட ரெண்டு வாய்தா குடுக்கும்யா."

குட்டியை அவன் கால்களுக்கு நடுவே தரையில் விட்டு அவள் உட்கார்ந்தாள். அப்போதுதான் காத்திருந்த நாய்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மூக்கைத் தூக்கின. ஒன்று ஊளையிட்டது. ஒன்று நாற்காலிக்கு அடியில் பதுங்கியது. மூலையில், கன்றுக்குட்டி உயரத்தில் கிடந்த ஒரு கறுப்பு நாய் எழுந்து நின்றது. அதன் சொந்தக்காரன், தடியன், சங்கிலியைக் கையில் தொளதொளவென்று சுற்றிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சங்கிலி தரையில் உரசும் சத்தம் கேட்பதற்குள் நாய் வந்துவிட்டது. முதல் கடி பூட்ஸில். இரண்டாவது கடியில் குட்டி அகப்பட்டது. தொடையோடு வயிற்றைச் சேர்த்துக் கவ்வி உதறியது. குட்டியின் ரத்தம் கண்ணாடிக் கதவில் கோடாக விழுந்தது.

கத்தி யோசிக்கவில்லை. முட்டியை நாயின் தோளில் ஏற்றினான், தாடையை மேலே தள்ளினான். கட்டைவிரல் தானாகவே மூச்சுக்குழாயைக் கண்டுபிடித்து அமுக்கியது. மாட்டுக்கானாலும் நாய்க்கானாலும் கழுத்து கழுத்துதான்.

"டேய், என் நாயை விடுடா! அது செத்துச்சு, உன் தோலை உரிச்சுடுவேன்!" தடியன் நாயின் கழுத்துப் பட்டையிலிருந்து சங்கிலியைப் பிடுங்கி அவன் முதுகில் விளாசினான். சட்டை கிழிந்தது. இரண்டாம் அடியில் காது கிழிந்தது. கத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளறைக் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் ஓடி வந்தார். வந்தவர் குனிந்து, தன் முன்கையையே நாயின் கடைவாயில் திணித்தார். பார்க்கச் சகிக்காத பிடி. எந்த மிருகத்தையும் யாரும் அப்படிப் பிடிக்கக் கூடாது. நாய் குட்டியை விட்டுவிட்டுக் கையைக் கவ்வியது. எலும்பில் பல் இறங்கும் சத்தம் கத்திக்குத் தெரிந்த சத்தம்தான். டாக்டர் கையை உருவவில்லை.

"அமுக்குங்க... இன்னும்... வாயைத் திறந்துடும்," என்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "ஆனா கொன்னுடாதீங்க. அதுவும் என்னோட பேஷன்ட்தான்."

வாய் திறந்தது. டாக்டர் கையை எடுத்தார். "போதும், விடுங்க."

கத்திக்கு விடத்தான் ஆசை. கை கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் பாதியில் நிறுத்தச் சொல்லி அந்தக் கைக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. நாயின் கண் மேலே செருகியது. கால்கள் தரையைப் பிராண்டி ஓய்ந்தன.

"விடுய்யா!" பெண்டாட்டி அவன் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் வளைத்தாள். விரல் மளுக்கென்றது. நாய் ஒரு இழுப்பு இழுத்து மூச்சு வாங்கியது. தடியன் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு அதன் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து அழுதான்.

உள்ளே மேஜையில் குட்டிக்கு மயக்க ஊசி போட்டு, கிழிந்த வயிற்றை டாக்டர் தைத்தார். கடிபட்ட கையில் சுற்றிய துண்டு நனைந்து சொட்டியது.

"சார், முதல்ல நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க சார்," என்று நர்ஸ் கெஞ்சினாள்.

"குட்டி தாங்காதும்மா. நூலைக் கோத்துக் குடு." பிறகு கத்தியின் காலைப் பார்த்தார். "அறுப்புக்கூடமா?"

"ஆமா சார்."

"ரத்த வாடைக்கு வந்திருக்கு. அந்த நாய் என்ன பண்ணும்?"

பெண்டாட்டி பூட்ஸைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கத்தி வீங்கிய கட்டைவிரலோடு குட்டியின் தலையைத் தாங்கிப் பிடித்தான். அதன் மூச்சு விரலில் பட்டுக்கொண்டே இருந்தது.

"கால் கொஞ்சம் நொண்டும். உயிர் நிக்கும்," என்று நூலை வெட்டினார் டாக்டர். வெட்டியவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

அவரை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு, குட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு இருவரும் தெருவுக்கு வந்தார்கள். பாலம் வரும்வரை அவள் பேசவில்லை. பாலத்தருகே நின்றாள்.

"அந்தாண்ட இருக்கிற டாக்டரையும் பாக்கணும்னியே?"

அவள் பேசிவிட்டாள். கத்தி மூச்சை விட்டான்.

"வேணாம். இவரே இருக்கட்டும்."

"புடிக்கத் தெரியலன்னியே."

"தெரியலதான்," என்றான். "கையைக் குடுத்துட்டாரேடி."

அவள் குட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் காதில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் அழுத்திப் பிடித்தாள்.