பெருமாளுக்கு நேர்ந்த தாலி

எட்டு மாதமாக எட்டிப் பார்க்காத மனுஷன், புரட்டாசி இரண்டாம் சனிக்கு முந்தின வியாழக்கிழமை கம்பெனி வாசலில் வந்து நின்றார். நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டின பஞ்சைத் தட்டிக்கொண்டு வெளியே வருகிறேன், எதிர்த்த டீக்கடை ஓரம் சமுத்திரம். என் வீட்டுக்காரர். ஊர் வழக்கத்துக்கு அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில்தான் ஆள் இல்லை. தை மாதமே சங்கரன்கோவிலில் ஒருத்தியோடு குடியேறிவிட்டார்.

"சித்ரா, செத்த நேரம் பேசணும்" என்றார்.

என் பக்கத்து மெஷின்காரி நூர்னிசா கூடவே வந்தவள், இம்மி நகரவில்லை. "பேசுங்கண்ணே, நாங்க கேக்கோம்" என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

அவர் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "அந்த நேத்திக்கடனக் கழிச்சிரு."

போன வருஷம் ஆனியில் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு, நான் வராந்தாவில் நின்று கழுத்துத் தாலியைக் கையில் பிடித்தேன். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளை நினைத்து, 'இந்த மனுசன் உசுரோட வீடு வந்தா இத உன் உண்டியல்ல போடுதேன்' என்று நேர்ந்தேன். மனுஷன் வீடு வந்தார். அந்தப் புரட்டாசியில் படியேறக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், அடுத்த வருஷம் ஜோடியாகப் போவோம் என்று அவரே தள்ளிவைத்தார். படியேறக் கூடாது என்ற ஆளுக்குத் தை பிறந்ததும் சங்கரன்கோவிலில் மாடி வீடு கேட்டிருக்கிறது.

அவர் போன பிறகும் தாலியை நான் கழற்றவில்லை. நூர்னிசா நாள் தவறாமல் திட்டுவாள். "அந்த ஆளுக்கு எதுக்குட்டி இதச் சொமக்க?"

"அந்த ஆளுக்கு இல்ல. இது பெருமாள் பொருளு. என் கழுத்துல சும்மா கெடக்கு" என்பேன். அவளுக்குப் பதில் சொல்ல அது போதும். எனக்குப் போதவில்லை என்பது வேறு விஷயம்.

"ரெண்டு வாரமா நெஞ்சு குத்துது" என்றார் அவர். "டாக்டரு வெறும் கேஸு, வாயுங்காரு. குறி கேட்டேன். மலைக்குச் சொன்னது மலைக்குப் போகல, அதான்னு சொல்லிட்டாவ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவி மனுஷன் என்னைப் பார்க்க வரவில்லை, என் கழுத்தைப் பார்க்க வந்திருக்கிறார்! போடாமல் விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு ஓடியது. அவர் உசுரு என் கழுத்தில் தொங்குகிறது என்று அவரே நம்பும்போது, தொங்கட்டுமே. ஆனாலும் பதினெட்டு வருஷம் சோறு போட்ட கை. செத்துத் தொலை என்று சொல்ல வாய் வரவில்லை.

"சனிக்கெழம காலைல ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க" என்றேன்.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்திருந்தார். கல்யாணத்துக்குக்கூட அப்படி வந்ததில்லை. மலையடிவாரத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மொட்டை போட்ட தலைகளும் நாமம் போட்ட நெற்றிகளுமாகப் படி முழுக்க ஆள். பத்துப் படிக்கு ஒரு தரம் அவர் நின்று மூச்சு வாங்கினார். நானும் நின்றேன். மஞ்சள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். பழக்கம், வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வரிசையில் பின்னால் நின்ற அம்மாள், "ஜோடியா வந்திருக்கீயளோ?" என்று கேட்டாள். "ஆமா" என்று அவர் முந்திக்கொண்டார்.

உள்ளதைச் சொல்கிறேன். பஸ் ஏறினதிலிருந்து நான் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வீட்டுக்கு வாரேன் என்று சொல்லியிருந்தால் போதும். தப்பு செய்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல வேண்டாம். எல்லாவற்றையும் விழுங்கியிருப்பேன். வெட்கம் கெட்ட மனசு, என்ன செய்ய?

பெருமாளைப் பார்த்துவிட்டு உண்டியல் பக்கம் வந்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். விரலி மஞ்சள் கோத்த புது மஞ்சள் கயிறு. தாலியைக் காணிக்கை போடுகிறவள் முதலில் புருஷன் கையால் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பிறகுதான் பழையதைக் கழற்ற வேண்டும். ஒரு நொடிகூடக் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது. அதை மறக்காமல் வாங்கி வந்திருக்கிறார். பதினெட்டு வருஷத்தில் எனக்கு ஒரு முழம் பூ வாங்கி வர ஞாபகம் இருந்ததில்லை.

"மொத இதக் கட்டிருதேன். பொறவு அதக் கழட்டு. வெறுங்கழுத்தா நிக்கக் கூடாது" என்றார்.

"நின்னா யாருக்கு ஆகாது?"

"எனக்குத்தான்."

அந்த மட்டுக்கும் பொய் சொல்லவில்லை.

"சரி, கட்டிட்டு எங்க போவீய?"

"சங்கரன்கோவிலுக்குத்தான். அவ தனியா இருப்பா" என்றார். கடைக்குப் போகிறேன் என்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, நான் குனிவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தாலியைத் தலை வழியாகக் கழற்றினேன். கொண்டையில் மாட்டிக்கொண்டது. ஒரு இழு இழுத்தேன், வந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு உண்டியலில் போட்டேன். கோவிந்தா கோவிந்தா என்று கத்துகிற கூட்டத்தில் அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"ஏட்டி! ஏட்டி, என்ன காரியம் பண்ணுத!" அவர் முகம் வெளுத்துவிட்டது. கயிற்றோடு என் கழுத்துப் பக்கம் வந்தார். நான் ஒரு எட்டு பின்னால் போனேன்.

"பெருமாளுக்கு நான் நேந்தது குடுக்கேன்னுதான். குடுத்துட்டேன். மறுபடி கட்டிக்கிடுதேன்னு நேரல."

பின்னால் நின்ற அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "நகருங்கம்மா, நகருங்க" என்று வரிசையை ஒழுங்குபடுத்துகிறவர் விரட்டினார். நகர்ந்தோம்.

பாதிப் படியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டேன். நீளமாக ஒரு ஏப்பம் விட்டார். டாக்டர் சொன்னது சரிதான், கேஸ்தான்.

"சித்ரா" என்றார். கடைசியில் எதையோ சொல்லப் போகிறார் என்று திரும்பினேன்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஆகாது. அதான் குடுத்தாச்சே. இனி ஒங்க உசுருக்குப் பெருமாள்தான் பொறுப்பு. என் கணக்கு தீந்துபோச்சு" என்றேன். மீதித் தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

ராஜபாளையம் டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அவரும் அதே பஸ்ஸில்தான் ஏறினார். அங்கே போய்த்தான் சங்கரன்கோவிலுக்கு மாற வேண்டும். கண்டக்டர் எனக்கு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கம்பியைப் பிடித்து என் பக்கத்தில் நின்றவரைக் காட்டி, "அண்ணாச்சி ஒங்க கூட வந்தவியளாம்மா? அவியளுக்கு டிக்கெட்டு?" என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். கையில் இன்னும் அந்தப் பொட்டலம் இருந்தது.

"இல்ல, நான் தனியாத்தான் வந்தேன்" என்றேன்.