யூரியா தின்ற பூப்பாத்தி

என் மனைவி நெல்டா வீட்டைவிட்டுப் போனதற்குக் காரணம் கட்டில். ஏப்ரலில் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவள் கட்டிலில் ஏறச் சிரமப்படுவாளே என்று, முதல் நாளே கட்டிலின் நான்கு கால்களையும் நான்கு அங்குலம் அறுத்துக் குள்ளமாக்கிவிட்டேன். மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் தாழ்வாக உட்காரவே கூடாதாம், உயரம்தான் வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் முதல் வரியே அதுதான். நான் தாளைப் படிக்கவில்லை, ரம்பத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நெல்டா உட்கார்ந்தாள், எழுந்திருக்க முடியவில்லை. எங்கள் மகள் ஜானா வந்து தூக்கிவிட்டாள். அவள் வீடு சூ ஃபால்ஸ் நகரத்தில், காரில் ஒரு மணி நேரம். அம்மாவை ஆறு வாரம் தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போனாள். ஆறு வாரம் என்று வாய் சொன்னதே தவிர, நெல்டாவின் குளிர்காலக் கோட்டையும் எடுத்துக் காரில் வைத்தாள். ஆறு வாரத்தில் வருவது கோடைதான்.

என் கை சும்மா இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். நாற்பத்து மூன்று வருடம் மக்காச்சோளமும் சோயாவும் பயிர்செய்தவன். முழங்கால் போனபின் நிலத்தைத் தம்பி மகனிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊருக்குள் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் சமையலறை இழுப்பறைகளை நான்கு தடவை மாற்றி அடுக்கியிருக்கிறேன். கீச்சிடாத கதவுக்கும் எண்ணெய் விட்டிருக்கிறேன். நெல்டா படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் நாற்காலியை வெளிச்சத்துப் பக்கம் நகர்த்தியிருக்கிறேன், அவளோடு சேர்த்து. உதவிதானே செய்தேன் என்று அப்போதெல்லாம் நினைத்தேன்.

மே மாதம் ஜானா வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்துவிட்டு ஜானா உள்ளே போய்விட்டாள். நெல்டா ஒரு தாளை நீட்டினாள். அதில் மூன்றே பெயர்கள்: ஜினியா, காஸ்மாஸ், பத்துமணிப் பூ.

"வாசல்ல ஒரு பாத்தி போடு," என்றாள். "மூணும் விதைதான். நாத்து வேண்டாம். முளைக்கற வரைக்கும் தண்ணி விடு. அப்புறம் மழை பாத்துக்கும், வெயில் பாத்துக்கும். நீ பாத்துக்க வேண்டாம்."

சரி என்றேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் அவளுடைய மாத்திரை டப்பாவைத் திறந்து அந்தந்தக் கிழமைக்கு உரிய மாத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தேன்.

"ஆர்லன், நான் சொல்றதக் கேளு. ஆகஸ்ட்ல வந்து பாப்பேன். அந்தப் பாத்திய நீ நோண்டாம விட்டிருந்தா, என் பெட்டிய எடுத்துட்டு வீட்டுக்கு வந்துடறேன். நோண்டியிருந்தா, இங்கயே இருந்துடறேன். ஜானாவும் இருன்னுதான் சொல்றா."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியின் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தேன். நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தை மூன்று பொட்டலம் விதையில் கட்டித் தொங்கவிட்டாளே என்று கோபம். பயிர் வளர்ப்பதில் என்னையா சோதிக்கிறாள் என்று அதற்கு மேல் கோபம். பண்ணையில் இருந்த காலத்தில் அவள் பூச்செடி கேட்டபோதெல்லாம், சமையலறை ஜன்னல் வரைக்கும் சோயா விதைத்தவன் நான். அது ஞாபகம் வந்ததும் ஸ்டியரிங்கைத் தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

எங்கள் ஊரில் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவள் கோரா. ஊர்க்கதை முழுக்க அவள் கல்லாவுக்குப் பின்னால்தான் இருக்கும். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நெல்டா கெட்டிக்காரிதான்," என்றாள். "இந்த மூணையும் கொல்றதுக்குத் தனித் திறமை வேணும். எரு கிரு எதுவும் போட்றாதீங்க. மண்ணு மோசமா இருந்தாத்தான் இதுங்க நல்லாப் பூக்கும்."

கையில் ஒரு காய்ப்பும் இல்லாதவள் எனக்கு மண்ணைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு விதையை வாங்கி வந்தேன்.

மே கடைசியில், இனி பனி விழாது என்று உறுதியானதும் விதைத்தேன். கயிறு கட்டி, நேர்கோடு போட்டு, சோளம் விதைக்கிற கணக்கில் இடைவெளி விட்டேன். பின்வரிசை காஸ்மாஸ், நடுவில் ஜினியா, முன்னால் தரையோடு படரும் பத்துமணிப் பூ. ஒரு வாரத்தில் எல்லாம் முளைத்தன. அத்தோடு என் வேலை முடிந்தது. காலை ஆறரை மணி, கையில் காபி, முன்னால் ஒரு நீண்ட நாள், செய்ய ஒன்றுமில்லை. பூமியில் அதைவிடக் கொடுமை உண்டா என்று தெரியவில்லை.

முதலில் களை மட்டும் எடுத்தேன். களை எடுப்பது நோண்டுவது ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பத்துமணிப் பூவின் நாற்றும் பருப்புக்கீரையும் சின்னதில் ஒரே சாயல். எங்கள் பக்கம் பருப்புக்கீரை வெறும் களை. அதனால் பாதிப் பூவைப் பிடுங்கியது நான்தான் என்று எனக்குத் தெரியவே ஒரு வாரம் ஆயிற்று. பிறகு, வெயில் அதிகம் என்று தண்ணீர் விட்டேன். மழை பெய்த மறுநாளும், மழை சரியாக இறங்கியிருக்காது என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடவில்லை. எங்கள் சபைக்காரர்கள் ஞாயிறன்று வேலை செய்வதில்லை, வாசலில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால் தெருவே பார்க்கும். காலை ஆராதனைக்கும் மாலை ஆராதனைக்கும் நடுவில் ஜன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். திங்கட்கிழமை இரண்டு நாள் தண்ணீரையும் சேர்த்து விட்டுவிடுவேன்.

ஜூன் நடுவில் காஸ்மாஸ் இலைகள் கொஞ்சம் வெளுத்தாற்போல் தெரிந்தது. தெரிந்ததா, தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேனா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இலை வெளுத்தால் சோளக்காரன் செய்வது ஒன்றுதான். தம்பி மகன் கொட்டகையில் பாதி மூட்டை யூரியா கிடந்தது. வேரை ஒட்டி இரண்டு கை போட்டேன். பத்து நாளில் செடி கருகருவென்று பச்சை பிடித்து எழுந்து நின்றது. என்ன சந்தோஷம் எனக்கு. இன்னும் இரண்டு கை போட்டேன்.

ஜூலை நான்காம் தேதி, எங்கள் சுதந்திர தினம் என்று ஊரெல்லாம் கொடி ஏற்றி வாணம் விடுகிற அன்று, சோளம் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று வயலில் இறங்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். வயல் இல்லாததால் பாத்தியில் இறங்கினேன். காஸ்மாஸ் என் இடுப்பைத் தாண்டியிருந்தது. உடனே நெல்டாவைக் கூப்பிட்டேன். அது அன்றைக்கு மூன்றாவது அழைப்பு. காலையில் மாத்திரை போட்டாயா என்று கேட்க ஒன்று, மத்தியானம் நடந்தாயா என்று கேட்க ஒன்று. இடுப்புக்கு மேலே வந்துவிட்டது நெல்டா என்றேன்.

"பூத்திருக்கா?" என்று கேட்டாள்.

இன்னும் இல்லை, தண்டு எல்லாம் கட்டைவிரல் தடிமன், இனிமேல்தான் பூக்கும் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்டில் காஸ்மாஸ் என் தொப்பியைத் தொட்டது. ஒரு மொட்டில்லை. வாசலில் பச்சைச் சுவர் எழுப்பியதுபோல் நின்றது. தினமும் மேலே நீர் விட்டதில் ஜினியா இலைகளில் வெள்ளை மாவு படர்ந்து, பூத்த நாலைந்தும் பாதியிலேயே கருகிவிட்டன. களை என்று பிடுங்கியதுபோக மிச்சமிருந்த பத்துமணிப் பூ ஈரத்தில் அழுகி, வழுக்கிக்கொண்டு கிடந்தது. எதிர் வீட்டு வேலியோரம் யாரும் விதைக்காத காஸ்மாஸ் ஒன்று சரளைக் கல்லுக்கு நடுவில் முழங்கால் உயரத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் கோரா சொன்னது எனக்கு உறைத்தது. நெல்டா வருவதற்கு ஒரே நாள் பாக்கி.

கோராவிடம் ஓடினேன். பூத்துக் குலுங்கும் ஜினியாத் தொட்டிகள் எட்டு எடுத்து வைத்தேன். அவள் தொட்டிகளைப் பார்த்தாள்.

"விதைச்சதான்னு கேட்டா என்ன சொல்லப் போறீங்க?"

அது என் பாடு என்றேன்.

"உங்க பாடுதான். ஒருத்தருக்கும் கஷ்டம் வராத செடியா நெல்டா எழுதிக் குடுத்தா, அதுக்கும் கஷ்டம் குடுத்துட்டு வந்து நிக்கறீங்களே, ஆர்லன்."

தொட்டிகளை வாங்கி வந்து, அழுகியதை அள்ளிப் போட்டுவிட்டு, முன்வரிசை முழுக்க நட்டேன். சிவப்பும் ஆரஞ்சுமாக வாசல் ஜொலித்தது. ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே போனேன், வெளியே வந்தேன், இரண்டு செடியை இடம் மாற்றினேன், மறுபடி பழைய இடத்திலேயே வைத்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஜானாவின் கார் வந்தது. நெல்டா ஒற்றைத் தடியோடு தானே இறங்கினாள். முகம் தெளிந்திருந்தது, நன்றாகத் தூங்குகிறவளின் முகம். என் வீட்டில் அவளை அப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தபோது எனக்கு வலித்தது. பின் இருக்கையில் அவள் பெட்டி இருந்தது. அதைப் பார்த்துவிட்டேன்.

அவள் பாத்தியருகே போய் நின்றாள். அண்ணாந்து காஸ்மாஸைப் பார்த்தாள். பிறகு தடியை ஊன்றி மெதுவாகக் குனிந்து, ஜினியாவைச் சுற்றியிருந்த மண்ணை விரலால் தொட்டாள்.

"இது நீ விதைச்சதா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக ஒரு சொல்தான் பாக்கி. அந்தச் சொல் வரவில்லை.

"இல்ல. நேத்து வாங்கி வெச்சது," என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. களை எடுத்தது, திங்கட்கிழமை இரட்டைத் தண்ணீர் விட்டது, யூரியா போட்டது, எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சோளத்துக்குப் போடறதத் தூக்கிப் பூவுக்குப் போட்டியா?"

"இலை வெளுத்திருந்துச்சு நெல்டா."

அவள் சிரித்தாள். தடி நடுங்கும்படி, கண்ணில் நீர் வரும்படி சிரித்தாள். ஜானாவும் சிரித்துவிட்டாள். அப்பாடா என்று எனக்கும் சிரிப்பு வந்தது. தப்பித்தோம் என்று நினைத்துப் பெட்டியை எடுக்கக் காரிடம் போனேன்.

"அது இருக்கட்டும்," என்றாள் நெல்டா. அவள் சிரிப்பு நின்றிருந்தது. "எவ்வளவு புஸ்தகம் பொரட்டினேன் தெரியுமா? எது சாகாது, எது யார் என்ன பண்ணாலும் பூக்கும்னு தேடித் தேடி அந்த மூணையும் எடுத்தேன். நீ தோத்துடக் கூடாதுன்னு. நான் வீட்டுக்கு வரணும்னு."

இனிமேல் செய்யமாட்டேன் என்றேன். எத்தனை தடவை சொன்ன சொல் அது.

"எனக்கு ஜூலையிலயே தெரியும். இடுப்பு உயரம், ஒரு பூ இல்லன்னா வேற என்ன? அப்பவே வரக் கூடாதுன்னு இருந்தேன். நீ என்ன சொல்றேன்னு கேக்கத்தான் வந்தேன். பொய் சொல்லியிருந்தா, இனி வர்ற பேச்சே கிடையாதுன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்."

"அப்ப உள்ள வா."

"இல்ல. இன்னும் ஒரு தரம். பனி விழற வரைக்கும் இந்தக் காஸ்மாஸத் தொடாத. தண்ணி வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். எனக்கும் போன் பண்ணாத. தோணும்போது நான் கூப்பிடறேன்."

பனி விழ இன்னும் ஆறேழு வாரம் இருக்கிறதே என்றேன். ஆமாம் என்றாள். அதற்கப்புறம் வருவாயா என்று கேட்டேன்.

"தெரியல, ஆர்லன். வரணும்னுதான் ஆசையா இருக்கு."

ஜானா அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். நெல்டா தானாகவே ஏறினாள். தாங்கிப் பிடிக்கப் போன கையை நான் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

இன்று இருபத்து மூன்றாவது நாள். குழாயைச் சுருட்டித் தம்பி மகன் வீட்டில் போட்டுவிட்டேன். நெல்டா இதுவரை கூப்பிடவில்லை. போன வாரம் காற்றில் இரண்டு காஸ்மாஸ் சாய்ந்துவிட்டன. குச்சி ஊன்றிக் கட்டினால் ஐந்து நிமிட வேலை. கட்டவில்லை. சாய்ந்தபடியே கிடக்கின்றன. நேற்றுவரை அவற்றில் ஒரு பூவும் இல்லை.

இன்று காலை, சாய்ந்து கிடக்கும் செடி ஒன்றில் ஒரு பூ விரிந்திருக்கிறது. இளஞ்சிவப்பு, என் உள்ளங்கை அகலம். ஆறரை மணியிலிருந்து போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இதைக் கேட்டால் நெல்டா எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் இருக்கிறேன்.