இடது பின் ஸ்பீக்கர்

திங்கட்கிழமையிலிருந்து என் குரல் பின்பக்கத்திலிருந்து வருகிறது. முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டால், சத்தம் குளியலறைக் கதவருகே உள்ள ஸ்பீக்கரில் கேட்கிறது. என் மனைவி வேதவல்லி சொம்பை எடுத்துக்கொண்டு அங்கே போகிறாள். கதவுக்கு முன்னால் வைத்துவிட்டு வருகிறாள்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டையும் சினிமா தியேட்டர் மாதிரி சுற்றிச் சத்தம் கேட்கிற சரவுண்டு ஆக்கிவிட்டார்கள். வீட்டுக்கு ஐந்து ஸ்பீக்கர். இடிச் சத்தத்துக்கு மட்டும் கட்டிலுக்கு அடியில் தனியாக ஒன்று. நடுவில் வேதவல்லி. முன்னால் வலது பக்கம் டிவி, இடது பக்கம் மிக்ஸி. பின்னால் வலது பக்கம் குக்கர். இடது பக்கம் காக்காயும் நானும். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டுச் சுவரைக் கட்டின கொத்தனார் நான். காக்காயோடு சேர்த்துவிட்டார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பேச்சு என் மகள் தமயந்தி பக்கம் திரும்பினால் என் குரல் தானாக இறங்கி அணைந்துவிடுகிறது. வாய் அசைகிறது. சத்தம் இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை. தமயந்திக்கு நிச்சயதார்த்தம். எங்கள் வழக்கப்படி பெண்ணைப் பெற்றவன் சபை கேட்க மூன்று தடவை ‘பொண்ணைக் குடுக்கச் சம்மதம்’ என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் தட்டு மாற்றுவார்கள். சபை காதில் விழவில்லை என்றால் சம்மதம் இல்லை என்று அர்த்தம். பத்தரைக்கு ராகுகாலம்.

காலையில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கோபத்தில் கண்ணாடியைத் திட்டினேன். அது மட்டும் குளியலறைப் பக்கமிருந்து கணீரென்று வந்தது.

வேதவல்லி குளியலறைக் கதவைப் பார்த்துச் சொன்னாள். “போய் சரி பண்ணிக்கினு வாய்யா. பொண்ணுக்கு முப்பத்தஞ்சு ஆவுது. இன்னிக்கும் வாயத் தொறக்கலன்னா அவ மறுபடி இந்த வாசப்படி மிதிக்க மாட்டா.”

எங்கள் தெருச் சத்தத்தையெல்லாம் கலக்கி அனுப்புகிற மிக்ஸிங் தியேட்டர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. வாசலில் ஒரு பெண் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டாள். எதிரில்தானே நிற்கிறேன் என்றேன்.

“நிக்கிறது தெரியுது சார். சத்தம் உங்க பின்னாடி இருந்து வருது. எங்க இருக்கீங்கன்னு எழுதறது?”

இரண்டு இடத்தையும் எழுதச் சொன்னேன். அதற்குக் கட்டம் இல்லை என்றாள். படித்தவர்கள் போட்ட கட்டம் அப்படித்தான் இருக்கும். அவளைத் தாண்டி உள்ளே போனேன்.

உள்ளே இருக்கும் நடைவழிச் சுவர் நான் பூசியது. இருபத்திரண்டு அடி. இன்று ஒன்பது நிமிஷம் நடந்தேன். தூக்குக்குண்டு போட்டுப் பார்க்காமல் எவனோ நீட்டியிருக்கிறான். பூச்சு அலை அலையாக இருந்தது. வழியில் நான்கு இடத்தில் சுவரில் ஈர ஓதம். என்னைக் கூப்பிட்டிருந்தால் ஒழுங்காக நீட்டிக் கொடுத்திருப்பேன்.

கடைசி அறையில் சேவியர் என்பவர் உட்கார்ந்திருந்தார். சத்தம் கலக்குகிறவர் அவர்தான். முன்னால் கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை. அதில் எங்கள் தெருவில் எத்தனை பேரோ அத்தனை தள்ளுகட்டை. மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். யாரும் தொடாமலே அவை ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சேவியர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார்.

யார் நகர்த்துவது என்று கேட்டேன்.

“யாரும் இல்ல. ஏற்கெனவே நகர்த்தினது.”

என் கட்டையைக் காட்டினார். திரையில் அதற்கு ஒரு கோடு ஓடியது. மேடும் பள்ளமுமாக வந்த கோடு தமயந்தி பெயர் வரும் இடத்தில் அடிமட்டத்தில் விழுந்து கிடந்தது. ஐந்து வருஷ நீளத்துக்கு மட்டம் பிசகவில்லை. எந்தக் களவாணிப் பயல் இதைப் போட்டான் என்று கேட்டேன்.

“நீங்கதான் பெரியவரே,” என்றார் சேவியர்.

அந்த எந்திரம் ஒரு தடவை கை செய்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அடுத்த தடவையிலிருந்து அதே வேலையைத் தானே செய்யுமாம். ஆட்டோமேஷன் என்றார். நான் நம்பவில்லை. போட்டுக் காட்டினார்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம் என்னைச் சுற்றிக் கேட்டது. முன்னால் தமயந்தி வாசலில் நின்று அப்பா, அப்பா என்று கூப்பிட்டாள். இதே மாப்பிள்ளையைச் சொந்தமாகப் பார்த்துக்கொண்டு வந்த நாள் அது. அவளுக்குப் பதில் சொல்லாமல் நான் டிவியைக் கூட்டினேன். மேசையில் என் கட்டை சரசரவென்று கீழே போனது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஒரு நாள் கோவத்த வச்சி அஞ்சு வருஷம் ஓட்டுவியா நீ?”

“நீங்க மறுபடி கை வைக்கவே இல்லையே. கை வைக்காத வரைக்கும் பழசுதான் ஓடும்.”

அதற்குள் எங்கள் வீட்டுச் சத்தம் அறைக்குள் வந்துவிட்டது. பின்னால் குக்கர். வலது பக்கம் பாய் விரிக்கிறார்கள். யாரோ தாம்பாளத்தை வைத்தார்கள். அவர் குளியலறையில் இருக்கிறார், வந்துவிடுவார் என்று வேதவல்லி நடுவில் சமாளித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

“பொண்ணோட அப்பா என்ன சொல்றாரு?”

நான் கட்டையைப் பிடித்து மேலே தள்ளினேன். அது திருப்பித் தள்ளியது. கூரை போடும் சென்ட்ரிங் பலகையை ஒற்றை ஆளாகத் தாங்குகிற கனம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். என் குரல் வீட்டின் இடது பின் மூலையில் கேட்டது. சபையில் சலசலப்பு. குளியலறையிலிருந்து சம்மதம் சொல்கிறான் என்று எவனோ சிரித்தான். சிரிக்கட்டும். இரண்டாவது தடவை சொன்னேன். மூன்றாவது சொல்லும்போது கை வழுக்கியது. கட்டை உடனே கீழே ஓடியது. பாதி வார்த்தை போய்விட்டது.

“அது கணக்குல சேராது,” என்றார் பெரியப்பா.

மறுபடி பிடித்தேன். இரண்டு கையாலும். முதலிலிருந்து மூன்று தடவை சொன்னேன். குரல் உடைந்து வந்தது. அதைச் சரி செய்ய வேண்டுமா என்று சேவியர் கேட்டார். வாயை மூடச் சொன்னேன்.

தட்டு மாற்றும் சத்தம் கேட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். மணி பத்து இருபத்தாறு.

இப்போது விடலாமா என்று கேட்டேன். ஐந்து வருஷப் பழக்கம், விட்டால் கோடு பழைய இடத்துக்கே போய்விடும் என்றார். அப்புறம் பேசினால் கேட்காது. அவர் வேண்டுமானால் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த ஆளின் கண் ஜன்னலுக்கு வெளியே டீக்கடைப் பக்கமே இருந்தது. அவனிடம் கொடுக்க நான் என்ன பைத்தியமா.

வீட்டில் பாய் சுருட்டினார்கள். இலை போட்டார்கள். பேச்சுச் சத்தம் குறைந்தது. ஒரு கொலுசு முன்னாலிருந்து நடந்து, இடது பக்கமாகச் சுற்றி, எனக்குப் பின்னால் வந்து நின்றது.

“அப்பா, சாப்டியா?”

இன்னும் இல்லை என்றேன். அவளுக்குக் கேட்டது. கேட்டது என்று அவள் மூச்சிலேயே தெரிந்தது.

என்ன குழம்பு என்று கேட்டேன். கத்திரிக்காய் சாம்பார் என்றாள். கத்திரிக்காய் எனக்கு ஒத்துக்கொள்ளாது. உடம்பெல்லாம் தடித்துவிடும். பெற்ற மகளுக்கே அது ஞாபகம் இல்லையா என்று சத்தம் போட்டேன். உனக்குத் தனியாக ரசம் வைத்திருக்கிறேன், கத்தாதே என்றாள்.

கத்துவேன் என்றேன். கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.